பலன் எனக்கு, பாரம் அவர்களுக்கு: ஒரு நல்ல நிரல்மொழி தோற்ற கதை

2014-இல் நான் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதி முடித்த ஒரு சேவையை, 2016-இல் மூன்று பேர் உட்கார்ந்து ஜாவாவில் மாற்றி எழுதினோம். அந்த மூவரில் நானும் ஒருவன் என்பதுதான் வேடிக்கை. சேவை கெட்டுப்போனதால் மாற்றவில்லை. அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. கணக்கில் தவறு என்று அதன்மேல் வந்த புகார்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். இருந்தும் மாற்றினோம். மாற்றியது சரி என்றே இன்று நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை; பல நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

வேலை இதுதான். பல விற்பனையாளர்களின் பொருள்களை இணையத்தில் விற்கும் நிறுவனம் அது. ஒவ்வொரு விற்பனைக்கும் யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்று பிரித்துக் கணக்கிட வேண்டும். தள்ளுபடி யார் தலையில் விழும், கழிவு (கமிஷன்) எவ்வளவு, பொருள் திரும்பி வந்தால் எதை எதிலிருந்து கழிப்பது, இரண்டு நாணயங்கள் கலந்தால் தசமத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்று நூற்றுக்கணக்கான விதிகள். இவையெல்லாம் பழைய ஜாவா நிரல் ஒன்றில் பல ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அதைத் தொட யாருக்கும் துணிவில்லை. ஒரு விதியை மாற்றினால் தொடர்பே இல்லாத இன்னொன்று எங்கோ உடைந்தது.

எனக்கு அப்போது ஹாஸ்கெல் பைத்தியம். அது வெறும் மோகம் என்று சொல்லிவிட முடியாது, காரணம் இருந்தது. அந்த மொழியில் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனி வகை (டைப்) வைத்தேன். டாலரையும் யூரோவையும் தவறிக் கூட்டினால் நிரல் ஓடவே தொடங்காது. நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். ஒரு பரிவர்த்தனை எந்தெந்த நிலைகளில் இருக்கலாம் என்பதை ஒரே இடத்தில் பட்டியலிட்டேன். நாளை புதிய நிலை ஒன்றைச் சேர்த்தால், அதைக் கையாள மறந்த ஒவ்வொரு இடத்தையும் கம்பைலரே சுட்டிக்காட்டும். பழைய நிரலில் பல்லாயிரம் வரிகளில் இருந்தது இங்கே இரண்டாயிரத்துக்குள் அடங்கியது. மேலாளர் அனுமதி தந்தார். அவருக்கு ஹாஸ்கெல் தெரியாது. பழைய நிரலால் வந்த தலைவலி நன்றாகத் தெரியும்.

இதுபோன்ற கதைகளில் மொழியே குற்றவாளி என்று முடித்துவிடுவார்கள். அது நியாயமில்லை. என்னுடைய கணக்கீட்டுப் பகுதியில் ஹாஸ்கெல் வாக்களித்ததைச் செய்தது, அதற்கு மேலும் செய்தது. சிக்கல் முழுவதும் அதன் எல்லைகளில் இருந்தது.

முதல் எல்லை, பணம் அனுப்பும் பங்காளி நிறுவனம். அவர்கள் தங்கள் சேவையோடு பேச ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, தந்தார்கள். ஜாவாவுக்கு ஒன்று, மைக்ரோசாப்டின் டாட்நெட்டுக்கு ஒன்று. அவ்வளவுதான். எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். கேட்கச் சிறிய வேலை போலத் தெரியும். கையொப்பம் இடுவதற்கு முன் அந்தச் செய்தியை ஒரு நிலையான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடைவெளி எங்கே, பண்புகளின் வரிசை எது, பெயர்வெளிகளை எப்படி எழுதுவது என்று அதற்கென்றே தனியாக ஒரு தரநிலை உண்டு. ஓர் எழுத்து பிசகினாலும் எதிர்ப்பக்கம் செய்தியைத் திருப்பி அனுப்பிவிடும். ஏன் என்றும் சொல்லாது. நான் தேடியவரை என் மொழியில் அதை முழுமையாகச் செய்யும் லைப்ரரி கிடைக்கவில்லை. நானே எழுத உட்கார்ந்தேன். மூன்று வாரம் போனது. நான்காவது வாரம் தோல்வியை ஒப்புக்கொண்டு, அவர்கள் தந்த ஜாவா லைப்ரரியைச் சுற்றிச் சிறிய ஜாவா நிரல் ஒன்றை எழுதி, அதை என் சேவைக்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். ஜாவாவை வெளியேற்ற வந்தவன் கொல்லைப்புறக் கதவு வழியாக அதே ஜாவாவைக் கூட்டிவந்தேன். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது.

இரண்டாவது எல்லை, கண்காணிப்பு. நிறுவனத்தின் மற்ற சேவைகள் எல்லாம் ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருளான ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஓடின. எந்த வேண்டுகோள் எவ்வளவு நேரம் எடுக்கிறது, நினைவகம் எங்கே போகிறது என்று காட்டும் கருவி அந்த இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். அதன் திரையில் என் சேவை ஒரு கறுப்புப் பெட்டி. உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் காட்டும்.

அந்தக் கறுப்புப் பெட்டி ஒருநாள் வீங்கத் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு மேல் இருக்கும். அன்றைய இரவுப் பொறுப்பில் இருந்தவர் என்னைவிட மூத்த சக ஊழியர். எதற்கும் குரலை உயர்த்தாதவர். "உங்கள் சேவை நினைவகத்தைத் தின்றுகொண்டே போகிறது. இரண்டு முறை நிறுத்தித் தொடங்கிவிட்டேன். உள்ளே பார்க்கலாம் என்று நிரலைத் திறந்தேன், எனக்கு எதுவும் பிடிபடவில்லை. தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள்" என்றார். தூங்கிக்கொண்டிருந்த நான் மன்னிக்க, விழித்துக்கொண்டிருந்த அவர் மன்னிப்புக் கேட்டார். தலைகீழாக இருந்திருக்க வேண்டிய உரையாடல்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு நாள் ஆனது. ஹாஸ்கெல் சோம்பேறி மொழி. இது வசை அல்ல, அதன் இலக்கணமே அதுதான்: ஒரு மதிப்பு உண்மையிலேயே தேவைப்படும்வரை அதைக் கணக்கிடாது. எந்த விதி எத்தனை முறை பயன்பட்டது என்று ஓர் அட்டவணையில் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணிக்கையை நாளுக்கு ஒருமுறை, அறிக்கைக்காக மட்டுமே படிப்போம். ஆகவே ஒவ்வொரு முறையும் "ஒன்றைக் கூட்டு" என்று சொன்னபோது மொழி கூட்டவில்லை. "பிறகு கூட்டிக்கொள்கிறேன்" என்று ஒரு சீட்டு எழுதி வைத்தது. இலட்சக்கணக்கான சீட்டுகள். பரபரப்பான நாள் ஒன்றில் அந்தச் சீட்டுக்கட்டு சர்வரையே நிரப்பிவிட்டது. திருத்தம் ஒரே வரி. சோம்பல் அட்டவணைக்குப் பதில் உடனுக்குடன் கணக்கிடும் அட்டவணையை இறக்குமதி செய்தேன். ஹாஸ்கெல் நன்றாகத் தெரிந்த எவருக்கும் இது பாலபாடம். எங்கள் நிறுவனத்தில் "எவருக்கும்" என்றால் நான் ஒருவன்தான். எனக்கும் அது பாலபாடமாக இருக்கவில்லை.

அந்த வாரம் மேலாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் ஒரு மாதம் விடுப்பில் போனால், விதிகளை யார் மாற்றுவார்கள்?"

நான் மொழியின் அருமையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முடித்த பிறகு அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

சரி, ஆள் சேர்ப்போம் என்று விளம்பரம் கொடுத்தோம். வந்தவர்கள் மிகக் குறைவு. வந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிடப் பலமடங்கு கெட்டிக்காரர்கள். நேர்முகத்தில் ஒருவர் என் நிரலைப் பார்த்துவிட்டு அதை மேலும் பொதுமைப்படுத்தும் ஒரு கணித அமைப்பைப் பலகையில் வரைந்தார். அழகாக இருந்தது. பிறகு, திரும்பி வந்த பொருள்களுக்கான கழிவு விதிகளைப் பராமரிப்பதுதான் அன்றாட வேலை என்று சொன்னதும் அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அந்த மொழிக்காக வருகிறவர்களுக்கு எங்கள் வேலை பிடிக்கவில்லை. எங்கள் வேலைக்காக வருகிறவர்களுக்கு அந்த மொழி தெரியவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று வாரம் ஒரு வகுப்பு தொடங்கினேன். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள், ஐந்தாவது வாரம் இருவர். கற்றுக்கொள்ள முடியாதவர்கள் இல்லை அவர்கள். ஒரே ஒரு சேவைக்காக, வேறு எங்கும் உதவாது என்று தெரிந்த ஒன்றைக் கற்க மாலை நேரத்தைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பலர் இதை மொழியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பழைய ஜாவா நிரலைப் பற்றி நான் பேசிய விதம் அசிங்கமானது. நிரல் மீளாய்வுகளில் "இப்படிப்பட்ட பிழை என் மொழியில் பிறக்கவே முடியாது" என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பழைய நிரலை எழுதியவர்கள் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழுதிவைத்த விநோதமான நிபந்தனைகள் பலவற்றின் பின்னால் உண்மையான வாடிக்கையாளர் ஒருவர், உண்மையான வழக்கு ஒன்று இருந்தது. அவற்றில் இரண்டை "குப்பை" என்று நான் கழித்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்த்தேன். புது மொழி கொண்டுவருகிறவன் வாயைத் திறந்தாலே, இவ்வளவு நாள் செய்ததெல்லாம் வீண் என்று பக்கத்தில் இருப்பவர் காதில் விழுகிறது. அதற்குமேல் ஆணவமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

2016-இல் முடிவெடுத்தார்கள். மாற்றி எழுத உட்கார்ந்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. என் கூட உட்கார்ந்த இருவரும் (ஒருவர் அந்த இரவு அழைத்தவர்) என் ஹாஸ்கெல் நிரலைத் தூக்கி எறியவில்லை. அதை வரைபடமாக வைத்துக்கொண்டார்கள். நாணயத்துக்குத் தனி வகை ஜாவாவிலும் வந்தது. மாறாத பொருள்கள் வந்தன. வெற்று மதிப்புக்குப் பதில் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று வெளிப்படையாகச் சொல்லும் வகை வந்தது. 2014-இல் வெளிவந்த ஜாவா 8-இல் லாம்ப்டா (பெயரில்லாச் சிறு செயற்கூறு) இருந்ததால் பல விதிகள் ஏறக்குறைய வரிக்கு வரி பெயர்ந்தன. நிரல் இரண்டரை மடங்கு நீண்டது. ஆனால் அடுத்த மாதமே அதில் புது விதி ஒன்றை நான் பார்க்காமலேயே வேறொருவர் சேர்த்துவிட்டார். அதைப் பார்த்தபோது வந்தது மகிழ்ச்சியா வலியா என்று எனக்கே தெளிவில்லை.

அதன் பிறகுதான் மற்ற மொழிகளின் கதைகளை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். அதுவரை எனக்கிருந்த விளக்கம் எளிமையானது: பெரும்பாலோர் சோம்பேறிகள், நல்லதைக் கண்டுகொள்ளத் தெரியாதவர்கள். தோற்றவனுக்கு இதமான விளக்கம்.

பால் கிரகாம் 1995-இல் தொடங்கிய வயாவெப் என்ற இணையக்கடை அமைக்கும் சேவை லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. போட்டியாளர்களைவிட வேகமாக வசதிகளைச் சேர்க்க அந்த மொழிதான் உதவியது என்று அவர் பின்னர் எழுதினார். நம்புகிறேன். 1998-இல் யாகூ அதை வாங்கியது. சில ஆண்டுகளில் அது சி பிளஸ் பிளஸ், பெர்ல் மொழிகளில் மாற்றி எழுதப்பட்டது. லிஸ்பின் பலன் எழுதியவர்களுக்குக் கிடைத்தது. பராமரிக்க வந்தவர்களுக்கு அதே பலன் ஒரு பாரம். என் கதையின் பெரிய பதிப்பு.

ஸ்வீடனின் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சனில் பிறந்த எர்லாங் மொழியின் கதை இன்னும் கூர்மையானது. தொலைபேசி இணைப்பகங்கள் ஒருபோதும் நிற்கக் கூடாது என்பதற்காகவே ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் 1986 முதல் வளர்த்த மொழி அது. ஒரு பகுதி செத்தால் மற்றவை ஓடிக்கொண்டிருக்க, செத்ததை மீண்டும் எழுப்பும் ஏற்பாடு மொழியின் அடித்தளத்திலேயே இருந்தது. அதை வைத்து வெற்றிகரமான இணைப்பகமும் கட்டினார்கள். அப்படியிருந்தும் 1998-இல் எரிக்சனின் ஒரு பிரிவே புதிய தயாரிப்புகளில் எர்லாங்குக்குத் தடை போட்டது. சொந்த மொழியைச் சொந்தச் செலவில் சுமப்பதைவிட, உலகம் சுமக்கும் மொழியைப் பயன்படுத்துவது மேல் என்பதுதான் அந்தக் கணக்கு. இருபத்தைந்து வயதில் இதை மடத்தனம் என்றிருப்பேன். இப்போது அந்த மேலாளர்களின் கேள்வி என் மேலாளரின் கேள்விதான் என்று தெரிகிறது. தடை வந்த அதே ஆண்டின் இறுதியில் எர்லாங் திறமூலமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியே வந்தது. வெளியே வந்ததால் பிழைத்தது; பின்னாளில் வாட்ஸ்அப் அதன்மேல் எழுந்தது.

சுமையை அரசாங்கமே ஏற்றால்? அதையும் பார்த்தாகிவிட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆடா மொழியை உருவாக்கச் செய்து, 1983-இல் தரநிலையாக்கி, தன் மென்பொருள்களுக்குக் கட்டாயமும் ஆக்கியது. பிழைகளை முன்கூட்டியே பிடிப்பதில் அது தன் காலத்தின் சி மொழியைவிட வெகுதூரம் முன்னே இருந்தது. 1997-இல் அந்தக் கட்டாயத்தையே கைவிட்டார்கள். விமானம், ரயில் போன்ற துறைகளில் ஆடா இன்றும் மதிப்போடு இருக்கிறது. அதற்கு வெளியே பரவவில்லை.

பரவிய மொழிகளைப் பார்த்தால், பெரும்பாலானவை ஏதோ ஒரு வண்டியில் ஏறி வந்தவை. சி மொழி யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்தது. ஆப்ஜெக்டிவ்-சி பல ஆண்டுகள் ஓரமாகக் கிடந்தது. ஐபோன் வந்ததும் அதைக் கற்க ஆள்கள் வரிசையில் நின்றார்கள். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்து நாளில் எழுதினார். அன்றைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் அவரைக் கூப்பிட்டதே உலாவிக்குள் ஸ்கீம் மொழியை வைக்கலாம் என்று சொல்லித்தான். பிறகு ஜாவா போலத் தோற்றம் வேண்டும் என்றார்கள். ஸ்கீம் அழகான மொழி. உலாவிக்குள் இருந்தது ஜாவாஸ்கிரிப்ட். உலகத்தின் ஒவ்வொரு கணினியிலும் முன்கூட்டியே அமர்ந்திருக்கும் மொழியோடு அழகு போட்டியிட முடியுமா?

ஸ்மால்டாக் மொழி வேறு விதமாக அடிவாங்கியது. அதில் நிரல் தனித்தனிக் கோப்புகளில் இல்லை. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு முழு உலகத்துக்குள் இருக்கும். ஓடும்போதே திருத்தலாம், பார்க்கலாம், கேட்கலாம். அற்புதம்தான். ஆனால் கோப்புகளை நம்பியே கட்டப்பட்ட மற்றவர்களின் எடிட்டர்கள், தேடும் கருவிகள், பதிப்புக் காப்பகங்கள் எதுவும் அந்த உலகத்துக்குள் எளிதில் நுழைய முடியவில்லை. நல்ல நடைமுறையாக்கங்களுக்கு விலையும் அதிகம். 1995-இல் சன் நிறுவனம் ஜாவாவை இலவசமாகத் தரவிறக்கவிட்டது.

லியோ மேயரோவிச், ஏரியல் ராப்கின் என்ற இருவர் 2013-இல் இதையே அளந்து பார்த்தார்கள். ஒரு திட்டத்துக்கு மொழியைத் தேர்வு செய்யும்போது நிரலர்களை வலுவாக இழுப்பவை திறமூல லைப்ரரிகள், ஏற்கெனவே உள்ள நிரல், சொந்த அனுபவம் ஆகியவை; வேகம், நம்பகத்தன்மை, எளிய பொருள்விதிகள் போன்ற மொழியின் உள்ளார்ந்த குணங்கள் அப்படி இழுப்பதில்லை என்று கண்டார்கள். அந்த முடிவைப் படித்தபோது, நான் மூன்று வாரம் கையொப்பத்தோடு மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்தது.

இன்னொரு பக்கம், தோற்ற மொழி என்று சொல்வதே பாதி உண்மைதான். வென்ற மொழிகள் தோற்றவற்றை மெதுவாக விழுங்குகின்றன. பயன்படாத நினைவகத்தைத் தானே திரட்டும் வசதியை ஜான் மெக்கார்த்தி 1959-இல் தன் லிஸ்ப் மொழிக்காக உருவாக்கினார். ஜாவாவோடு அது அன்றாட நிரலர்களின் கைக்கு வந்தது 1995-இல். 36 ஆண்டு இடைவெளி. நிலைகளைப் பட்டியலிட்டு, விட்டுப்போனதைக் கம்பைலரே சொல்லும் அந்த வசதிக்காகத்தான் நான் ஹாஸ்கெலுக்கே போனேன். ஸ்டாண்டர்ட் எம்எல் மொழியில் அது 1980-களிலேயே இருந்தது. ஜாவாவில் முழுமையாக வந்தது 2023-இல், ஜாவா 21-இல். இந்த விழுங்கல்தான் நல்ல மொழியின் முதல் எதிரி. "இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நம் மொழிக்கே அது வந்துவிடும்" என்று சொல்பவரிடம் வாதிட முடிவதில்லை, ஏனென்றால் உண்மையிலேயே வந்துவிடுகிறது. தாமதமாக, கோணலாக, ஆனால் வந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை. "யாரும் பயன்படுத்துவதில்லை, ஆகவே வேண்டாம்" என்பதைக் காரணமாகச் சொல்லிவிட்டு யோசிப்பதையே நிறுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் இரவில் பார்ப்பது என்பது கேள்வி. எல்லோரும் எதைச் செய்கிறார்கள் என்பது கேள்வி இல்லை.

2017-இல் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே பெரிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்று இருந்தது. அதே நோய், வேறு உடம்பு. இந்த முறை கை நீண்டது, ஜாவாஸ்கிரிப்டுக்கு மேல் வகைகளைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் பக்கம். ஹாஸ்கெல் பழகிய கண்ணுக்கு அது அரைகுறை மொழி. அதன் வகை அமைப்பில் ஓட்டைகள் உண்டு. தெரிந்தே விட்ட ஓட்டைகள். முழு உறுதிப்பாடு தங்கள் இலக்கு இல்லை என்று அதை உருவாக்கியவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படித்து ஒருகாலத்தில் சிரித்தவன்தான் நான்.

2011-இல் கூகுள் டார்ட் மொழியை அறிவித்தது. ஜாவாஸ்கிரிப்டின் இடத்தில் சுத்தமான புது மொழி, உலாவிக்குள் அதற்கென்று தனி இயந்திரம் என்பது திட்டம். ஓராண்டு கழித்து மைக்ரோசாப்ட் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. உங்கள் பழைய ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே செல்லும், மேலே வகைகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றது. மொழியாகப் பார்த்தால் டார்ட் நேர்த்தியானது. 2015-இல் குரோமுக்குள் டார்ட் இயந்திரத்தை வைக்கும் திட்டத்தைக் கூகுளே கைவிட்டது. டார்ட் பிறகு, செயலிகளை உருவாக்க உதவும் பிளட்டர் என்ற வேறு வண்டியில் ஏறிப் பிழைத்துக்கொண்டது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது திரும்பிவரும் வழி. டைப்ஸ்கிரிப்டிலிருந்து வெளியே வருவது படிக்கக்கூடிய சாதாரண ஜாவாஸ்கிரிப்ட். ஆறு மாதம் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு பழைய வழியிலேயே போகலாம். என் ஹாஸ்கெல் சேவையிலிருந்து திரும்புவதற்கு மூன்று பேரின் மூன்று மாதங்கள் தேவைப்பட்டன.

ஆகவே இந்த முறை யாரிடமும் மொழியைப் பற்றிப் பேசவில்லை. கடந்த சில மாதங்களின் பிழைப் பதிவேட்டை எடுத்து, எழுத்துப்பிழையாலும் வெற்று மதிப்பாலும் வந்தவை எவை என்று குறித்தேன். அவற்றில் அதிகம் அடிபட்ட ஒரே ஒரு கோப்பை மட்டும் மாற்றினேன். மாற்றும்போது தெரிந்த இரண்டு பழைய பிழைகளை, அந்தக் கோப்பை அதிகம் தொடுகிறவரிடம் காட்டினேன். அவர் இரண்டாவது கோப்பை மாற்றினார். மூன்றாவதை யார் மாற்றினார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனது நல்ல அறிகுறி என்று அப்போதே தோன்றியது. ஒன்றரை ஆண்டில் பெரும்பகுதி மாறியது. சில கோப்புகள் இன்றும் மாறவில்லை; யாருக்கும் அவற்றால் தொல்லையும் இல்லை.

இப்போது புது மொழி, புது கருவி எதுவானாலும் நான் முதலில் எழுதிப் பார்ப்பது அது பேச வேண்டிய வெளி அமைப்புகளின் பட்டியலை: தரவுத்தளம், வரிசை அமைப்பு, உள்நுழைவு, பணம், கண்காணிப்பு. ஒவ்வொன்றுக்கும் அந்த மொழியில் யாராவது தொடர்ந்து பராமரிக்கும் லைப்ரரி இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாக அதில் மாற்றம் செய்தது எப்போது, எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதையும் பார்ப்பேன். மொழியின் பாடநூல் இரண்டாவது. மாதிரித் திட்டம் என்று தொடங்கினால் மிக எளிதான பகுதியை எடுக்காமல், அசிங்கமான எல்லைப் பகுதியை எடுப்பேன். அந்தக் கையொப்பத்தை முதல் வாரத்தில் தொட்டிருந்தால் என் வாழ்க்கையில் இரண்டு ஆண்டு வேறு மாதிரி போயிருக்கும். அதோடு, மூன்று பேர் சேரும்வரை எதையும் முக்கியப் பாதையில் வைப்பதில்லை. ஒருவர் விடுப்பில், ஒருவர் காய்ச்சலில் என்றாலும் ஒருவர் மிஞ்ச வேண்டும்.

சில இடங்களில் உயர்ந்த மொழியின் உயர்வு மற்ற எல்லாக் கணக்கையும் மீறும் என்பதையும் மறுக்கவில்லை. அங்கே வலி, செலவு செய்கிறவருடையதாக இருக்கிறது. நினைவகப் பிழைகள் பாதுகாப்பு ஓட்டைகளாக மாறி ஆண்டுதோறும் அடித்த பிறகுதான் ரஸ்ட் மொழிக்குக் கதவு திறந்தது. அப்போதும் யாரும் பழையதை இடித்துவிட்டுக் கட்டவில்லை. ஆண்ட்ராய்டில் கூகுள் செய்தது, புதிதாக எழுதுவதை ரஸ்டில் எழுதுவது; பழைய நிரலை அதன் போக்கில் விடுவது. 2019-இல் அங்கே கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளில் 76 சதவீதம் நினைவகம் சார்ந்தவை. 2024-இல் அது 24 சதவீதம் என்று அவர்களே வெளியிட்டார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் (கர்னலில்) ரஸ்டுக்கு முதல் இடம் கிடைத்தது 2022 டிசம்பரில், 6.1 பதிப்பில். அந்த மொழியின் 1.0 பதிப்பு வந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கரு முழுவதையும் மாற்றி எழுதலாம் என்று போயிருந்தால் கதவருகிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் குழுவின் இளம் நிரலர் ஒருவர், பதிவுக் கோப்புகளை அலசும் எங்கள் பழைய கருவியை ரஸ்டில் எழுதி எடுத்துவந்தார். பல மடங்கு வேகம். கண்ணில் அதே பளபளப்பு; எனக்குப் பார்த்துப் பழகிய பளபளப்பு. என் மேலாளர் என்னிடம் கேட்டதை அவரிடம் கேட்டேன்.

"நீங்கள் ஒரு மாதம் விடுப்பில் போனால்?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பழைய கருவியை அழிக்கவில்லை. ஒரு வரி மாற்றினால் அதற்கே திரும்பிவிடலாம். ஆனால் திரும்பாமல் சரிசெய்ய வேண்டும் என்றால் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் உங்களிடம் வந்தேன்."

இரவுப் பொறுப்புப் பட்டியலில் அந்தக் கருவிக்கு எதிரே அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்த்தேன். மூன்றாவது பெயருக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. போன மாதம் ஒருமுறை அழைப்பு வந்தது. அவர் ஊரில் இல்லை. நானே திருத்த முயன்றபோது கம்பைலர் சொன்ன பிழைச் செய்தியை மூன்று முறை படித்தேன். கடன் வாங்கிய மதிப்பு ஒன்று அதன் உரிமையாளரைவிட நீண்டநாள் வாழ்கிறது என்று அது குறைப்பட்டுக்கொண்டிருந்தது. சரிசெய்ய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அவருக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவரை எழுப்பவில்லை.